புஷ்பகலா போய்வந்த இடங்கள்

கல்லுப்பாலத்தில் புஷ்பகலாவைத் தேடுகிறவர்கள் முதலில் அவள் வீட்டுக்குப் போவதில்லை. வீட்டில் அவள் இருந்தாலும் இருக்கலாம், ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்குவதற்காகக் காத்திருக்கும்போதே நேற்று பஸ்ஸில் பார்த்த கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டி ஞாபகத்துக்கு வந்து, அதை எந்தக் கடையில் வாங்கியிருப்பார்கள் என்று மனசு லேசாக அந்தப் பக்கம் திரும்பினால் போதும், உடம்பும் கூடவே போய்விடும், கையில் கரண்டியோடு கடைத்தெருவில் கவரிங் நகைக்கடை வாசலில் நிற்பாள், கடைக்காரர் ஒன்றும் ஆகாததுபோல "பாலா, சோறாம்மா?" என்று கேட்டுவிட்டு அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவார்.

ஊருக்கு இது பழகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு ஜோதிமணி அக்கா, ஆளில்லாத அடுப்பு எரிகிறதா என்று மதில்மேல் எட்டிப்பார்த்து, எரிந்தால் உள்ளே போய் அணைத்துவிட்டு வருவாள். புஷ்பகலா வேலைபார்க்கும் ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையை மெஷினுக்குள் வைத்த கையோடு அவள் காணாமல் போனால், வந்தவர்கள் தாங்களே பச்சைப் பொத்தானை அமுக்கிப் பிரதி எடுத்துக்கொண்டு, சில்லறையை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடை சையது பாய் அவளுக்கென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார், எங்கிருந்தோ வந்து நின்று முழிக்கிறவளை உட்காரவைத்து, டீயைக் கையில் கொடுத்து, "மெதுவாக் குடிம்மா, இது நம்ம ஊருதான்" என்பார். கணவன் தனுஷ்கோடி மின்வாரியத்தில் லைன்மேன், எந்தக் கம்பத்தில் ஏறியிருந்தாலும் போன் வந்தால் இறங்கி, பைக்கை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டிவருவான், போகும்போது அவளுக்கும் சேர்த்து இன்னொரு ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போவான்.

"நமக்கெல்லாம் மனசு மட்டும் போகுது, அந்தப் பிள்ளைக்கு உடம்பும் சேந்து போகுது, அவ்வளவுதான" என்று சலூனில் பேசிக்கொள்வார்கள். அதே வாய்கள் பிறகு, கொஞ்சம் நினைத்தால் ஒரு இடத்தில் நிற்க முடியாதா, கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பெற்றவளுக்கு இன்னும் பொறுப்பு வரவில்லையே என்றும் சொல்லும். அவளுக்குப் பயமாக இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. காலையில் கண்ணைத் திறக்கும்போதே, இன்றைக்கு எதை அப்படியே விட்டுவிட்டுப் போகப்போகிறோமோ என்கிற பயம் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கும். போகும்போது சத்தம் கிடையாது, வலி கிடையாது, கீழே இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் வருமே ஒரு திடுக்கிடல், அதுமட்டும்தான், அடுத்த நொடி காலுக்குக் கீழே வேறு தரை இருக்கும். ஒருமுறை ரயில் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு யாராவது ஏதாவது சுவாரசியமாகச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். செருப்புக்குள் கூழாங்கல் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தாள், அந்த வலியில் இங்கேயே நிற்கலாம் என்று. சில நாள் நின்றாள். சில நாள் கல்லும் கூடவே வந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலை, மகள் கவின்மலரைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகப் பைபாஸ் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். கவின்மலர் ஒன்றாம் வகுப்பு. ரோட்டுக்கு நடுவே வந்தபோது ஆடுகளை ஏற்றிய ஒரு லாரி போனது, பலகைச் சந்து வழியாக ஒரு வெள்ளாட்டுக்குட்டி மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டு போனது, இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள் என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பல ஊர் தாண்டி ஒரு ஆட்டுச்சந்தைக்கு நடுவே நின்றிருந்தாள். சுற்றிலும் புழுக்கையும் தூசியும் கத்தலும், துண்டுக்குள் விரல் பிடித்து விலைபேசுகிற ஆட்களும். அவளுடைய வலது கை ஒரு சின்னக் கையைப் பிடித்திருந்த வாக்கிலேயே மடங்கியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவள் எழுப்பிய சத்தத்தில் ஆடுகள் விலகின. தெரியாத ஒருவர் தன் போனை நீட்டினார், அவளுக்கு ஒரு எண்ணும் ஞாபகம் வரவில்லை. ரோட்டை நினைத்தால் ரோட்டுக்கே போய்விடலாமே என்று கண்ணை இறுக்கி மூடி நினைத்தாள், ஆனால் வேண்டுமென்று நினைத்துப் போக அவளால் ஒருநாளும் முடிந்ததில்லை, அவளுடைய மனசு அவள் சொல்லிக் கேட்கிற மனசாக இருந்திருந்தால் இத்தனையும் எதற்கு. ஒரு வேன்காரரின் காலில் விழாத குறையாகக் கேட்டு ஏறி, வழியெல்லாம் கவின்மலரின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள், பெயரை விட்டால் மறுபடி வேறெங்காவது போய்விடுவோம் என்ற பயத்தில் தொண்டை கட்டும்வரை சொன்னாள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோட்டோரம் இளநீர் விற்கிற பாப்பாத்தி, இரண்டு பக்கமும் லாரிகள் சீறிக்கொண்டு போக நடுரோட்டில் கையை மேலே தூக்கியபடி நின்ற பிள்ளையைப் பார்த்து, அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி இடுப்பில் வாரிக்கொண்டு வந்திருந்தாள். "அம்மா போயிட்டாங்க" என்று மட்டும் பிள்ளை அவளிடம் சொல்லியிருந்தது, அழவில்லை.

இதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லையே, அதுபோதும் என்றார்கள், மறுநாளிலிருந்து கவின்மலரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகத் தெருவே முறைவைத்துக்கொண்டது, ஜோதிமணி அக்கா ஒருநாள், எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள், பாப்பாத்தி ஒருநாள். யாரும் அவளைத் திட்டவில்லை. தனுஷ்கோடிகூடத் திட்டவில்லை, அடுப்படிக்குள் பிள்ளையை விடாதே என்று மட்டும் சொன்னான், அதையும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதைத் தாங்கிக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் யூனிபார்ம் மாற்றிவிட அவள் கையை நீட்டியபோது கவின்மலர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், கோபமில்லை, அடமில்லை, சூடான பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்ட பிள்ளை வைத்துக்கொள்வதுபோல. புஷ்பகலா அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகை மட்டும் அவளை எங்கேயும் கொண்டுபோகவில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு அவ்வப்போது வருகிற ஷகிலா பானு என்கிற பெண், ஒருநாள் தன் மகனுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கொண்டுவந்தாள். எல்லாத் தாளையும் நகல் எடுத்து முடிக்கும்வரை புஷ்பகலா எப்படியோ அங்கேயே நின்றாள்.

"பையனுக்கு என்ன?"

"கவனம் நிக்காதுக்கா. கூப்பிட்டா காதுல விழாது, எழுத உக்காந்தா எந்திரிச்சிருவான், செருப்ப எங்க விட்டான்னு அவனுக்கே தெரியாது. ஏடிஎச்டின்னு சொன்னாங்க. மதுரையில ஒரு டாக்டரம்மா பாக்குறாங்க, இப்பப் பரவால்ல." ஷகிலா தாள்களை அடுக்கிக்கொண்டே, மற்றவர்கள் யாரும் அதுவரை புஷ்பகலாவிடம் பேசாத ஒரு குரலில் சொன்னாள், "உங்களுக்கும் அதுதான்னு எனக்குத் தோணுதுக்கா. அவனுக்கு மனசு மட்டும் போகுது, உங்களுக்கு அது கொஞ்சம் கூடுதல். பெரியவங்களையும் பாப்பாங்க."

தனுஷ்கோடி கேட்டதும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தான். "மனநல டாக்டரா? நாளைக்கு ஊரு என்ன சொல்லும், பைத்தியம்னு சொல்லும்."

"இப்ப மட்டும் என்ன சொல்லுதாம்?"

"இப்ப போயிட்டு வர்றவள்னு சொல்லுது" என்றான் அவன். அது உண்மைதான். ஊர் போய்வருகிறவளைத் தாங்கிக்கொண்டது, மாத்திரை சாப்பிடுகிறவளைத் தாங்குமா என்பது அவளுக்கும் தெரியவில்லை.

போனில் முன்பதிவு செய்தபோது, சின்ன வயதில் உங்களைப் பார்த்த யாராவது கூட வந்தால் நல்லது என்றார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. திருமங்கலத்தில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் வைரவனைக் கூப்பிட்டாள். அவன் எதற்கென்று கேட்கவில்லை, வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் மங்கையர்க்கரசிக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். பொருட்களைத் தொலைப்பீர்களா, ஒரு வேலையைத் தொடங்கினால் முடிப்பீர்களா, பிறர் பேசும்போது நடுவில் பேசிவிடுவீர்களா, தூக்கம் எப்படி, நெஞ்சு படபடக்குமா, எதிலாவது சோறுதண்ணி மறந்து மூழ்கியதுண்டா. உண்டு என்றாள் புஷ்பகலா, ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் ஆனால் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பேன், அப்போது எங்கேயும் போகமாட்டேன். அதைச் சொல்லும்போதே மெஷின் ஞாபகம் வந்து கல்லுப்பாலத்துக்குப் போய்விட்டாள், பஸ் பிடித்துத் திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் மற்றவர்களைப் பார்த்து முடித்துவிட்டு அவளுடைய நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"மன்னிச்சிருங்க டாக்டர்."

"எதுக்கும்மா. எங்க விட்டோம், மெஷின்."

பிறகு வைரவனிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்படி?"

அவன் டயர் கறை போகாத கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துத்தான் பேசினான். "அப்பவும் போயிரும் டாக்டர். ஒருதடவ தண்ணித்தொட்டி மேல இருந்துச்சு, ஊரே நின்னு அண்ணாந்து பாத்துச்சு. எங்கப்பா பெல்ட்டால அடிப்பாரு. கோயில்ல கொண்டுபோய் வேப்பிலை அடிச்சாங்க. எங்கம்மா காலுல சேலையக் கட்டிக் கட்டிலோட முடிஞ்சு வைக்கும், வெறும் சேலைதான் கட்டில்ல கெடக்கும்." கைக்கறையை விரலால் தேய்த்தான். "அடிச்சா அங்க இருந்து வந்துரும்னு நெனச்சோம். அது எங்க போகுதுன்னு பாத்தோம், பயந்துச்சான்னு பாக்கல."

புஷ்பகலா அண்ணனைப் பார்த்தாள். அவன் அழுவதை அவள் பார்த்ததில்லை, இப்போதும் அழவில்லை, மூக்கை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டான்.

ஒரே நாளில் முடியவில்லை. ரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், தனுஷ்கோடியையும் போனில் கூப்பிட்டு நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் டாக்டர் சொன்னார், இது ஏடிஎச்டிதான், பிறந்ததிலிருந்து இருக்கிறது, பேயில்லை, சோம்பேறித்தனமில்லை, வளர்ப்பில் வந்த குறையுமில்லை. குடும்பத்தில் வரக்கூடியது என்றும் சொன்னார். உடனே புஷ்பகலா மகளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள், ஆனால் அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டாள்.

"மாத்திரை போட்டா நான் எங்கயுமே போகமாட்டேனா? அப்பறம் நான் யாரா இருப்பேன் டாக்டர்?"

"நீங்களாத்தான் இருப்பீங்க. மனசு போகத்தான் செய்யும், யாருக்குத்தான் போகல. போறதுக்கு முன்னாடி, போகலாமா வேண்டாமான்னு கேக்க ஒரு நொடி கிடைக்கும். மாத்திரை தர்றது அந்த ஒரு நொடியத்தான். பசி குறையலாம், படபடப்பு வரலாம். வந்தா உடனே சொல்லணும்."

மாத்திரை சாப்பிட்ட முதல் நாள், ஊர் அவள் கடைக்கு வந்தது. நகல் எடுக்க ஒன்றுமில்லாதவர்களும் பழைய மின்கட்டண அட்டையை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். சையது பாய் நாற்காலியை எடுத்துவிடலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். இவள் எங்கெங்கோ போய் வந்து யாருக்குப் பிரசவமானது, எந்த ஊரில் மழை என்று சொல்வதை நம்பி இருந்த ஒருசிலருக்கு வருத்தம்கூட இருந்தது. புஷ்பகலாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, வாய் காய்ந்தது, மாத்திரையா பயமா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு ஒரு பெரியவர் எதிரே நின்று தன் ஓய்வூதியக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மின்விசிறியின் சத்தமும் வெளியே ஹாரனும் பக்கத்துக் கடைப் பாட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் தள்ளிப்போய், அவருடைய குரல் மட்டும் முன்னால் வந்தது. அவர் சொன்ன வாக்கியத்தை அவள் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டாள். எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்களா என்று நினைத்தாள், அந்த அமைதி அவளைப் பயமுறுத்தியது, ஆளில்லாத வீட்டுக்குள் தனியாக நுழைந்ததுபோல இருந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதபோது வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும் பழையபடி ரயிலடியில் நின்றாள். சோறு இறங்காமல் மெலிந்தாள். டாக்டர் அளவைக் குறைத்தார், பிறகு மெதுவாகக் கூட்டினார், செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார், பால் வைத்திருக்கிறேன், பால் பொங்கப்போகிறது, அடுப்பை அணைக்கிறேன் என்று அவள் சொல்வதை ஜோதிமணி அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டு "ம்" கொட்டினாள். மாத்திரை சாப்பிடுகிறவளையும் ஊர் மெல்லமெல்லத் தாங்கிக்கொண்டது. அந்த ஒரு நொடி சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வரும்போது, தெருமுனையில் யாரோ நின்று "போகலாமா?" என்று கேட்பதுபோல வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவள் பழகிக்கொண்டிருந்தாள். கவின்மலர் கைகளை முதுகுக்குப் பின்னால் வைப்பதை நிறுத்திவிட்டாள், ஆனால் தானாகக் கொடுக்கவும் இல்லை.

பள்ளிக்கூடம் அரைநாளோடு விட்ட ஒரு மத்தியானம், கவின்மலர் தமிழ்ப் புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். புஷ்பகலா அடுப்படியில் "வெங்காயம் நறுக்குகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பென்சில் உருளும் சத்தம் கேட்டது. உருண்டு சுவரில் முட்டி நின்றது. பிறகு சத்தமில்லை.

வந்து பார்த்தாள். பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் பாய் இன்னும் அழுந்தியிருந்தது. புத்தகத்தில் கடல் படம் இருந்தது, பக்கம் முழுக்க நீலம், நடுவில் ஒரு படகு.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய மனசு கடலுக்குப் பாய்ந்தது, தண்ணீருக்கு அடியில் ஒரு சின்னக் கை மேலே தூக்கியபடி நிற்பதைப் பார்த்தது, உடம்பு படியில் கால் தவறுவதுபோல வழுக்கத் தொடங்கியது. அப்போது அந்த நொடி வந்தது. போகலாமா என்று கேட்டது. அவள் "பொறு" என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து படத்தைப் பார்த்தாள். பக்கத்தின் கீழ் ஓரத்தில் மணல் இருந்தது, மணலில் ஒரு நண்டு இருந்தது, நண்டைச் சுற்றி மகள் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள், தாள் கிழிகிற அளவுக்குத் திரும்பத்திரும்பப் போட்டிருந்தாள்.

புஷ்பகலா தண்ணீரை நினைக்கவில்லை. மணலை நினைத்தாள், சூடான மணலை, அதில் நண்டு தோண்டுகிற பொந்தை நினைத்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, சரி போகலாம் என்று அவளே சொன்னாள்.

காலுக்குக் கீழே மணல் சுட்டது. வலைகள் காயும் ஒரு கரையில், படகு நிழலில், கவின்மலர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "உங்க பிள்ளையா? நான் கூப்பிட்டுப் பாத்தேன், வரமாட்டேங்குது, அசையாம நிக்குது" என்றாள். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

கவின்மலர் திரும்பினாள். "நான் வேணும்னு வரலம்மா."

"தெரியும்டா."

"அடிப்பியா?"

"மாட்டேன்." முழங்காலிட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "ரொம்பப் பயந்துட்டியா?"

பிள்ளை அப்போதுதான் அழுதாள், அந்தக் கரையே கேட்கும்படி, மூச்சுத் திணறத் திணற அழுதாள். அழுது முடியும்வரை புஷ்பகலா அவளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். பிறகு கருவாட்டுக்காரப் பெண்ணிடம் போன் வாங்கித் தனுஷ்கோடியிடம் இருக்கும் இடத்தைச் சொன்னாள். அவன், "ரெண்டு பேருமா?" என்று கேட்டான், "பஸ் ஏறுங்க, நான் எதிர வர்றேன்" என்றான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் மகளை உட்காரவைத்துக்கொண்டாள். "எனக்கும் மாத்திரையா?" என்று கவின்மலர் கேட்டாள். "டாக்டரம்மாகிட்டக் கேப்போம்" என்றாள் இவள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, மருந்து இறங்கும் நேரம், நெற்றிப்பொட்டில் அந்தத் தளர்வு தெரிய ஆரம்பித்தது. வெளியே உப்பளம் மினுங்கியது, பனைகள் ஓடின, ஒவ்வொன்றும் வா என்றது. இரண்டு பேரில் யார் முதலில் போனாலும் இன்னொருத்தி ஓடுகிற பஸ்ஸில் தனியாக இருப்பாள் என்று நினைத்தாள். அதனால் ரோட்டோரம் வருகிற பெயர்ப்பலகைகளை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். முருகன் டீ ஸ்டால். அன்னை பஞ்சர் கடை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. முன்சீட்டில் இருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனார். வாசித்துக்கொண்டே வந்தவளுக்கு ஒரு வளைவில் நாக்கு தடுமாறியது, பலகையின் பாதி வரைக்கும்தான் கண் போனது, மீதி எங்கோ நழுவியது.

அவள் கைக்குள் ஒரு சின்னக் கை வந்து நுழைந்தது. கவின்மலர் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டவைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, அடுத்த பலகையை வாசிக்க ஆரம்பித்தாள்.